துடைப்பத்துக்கும் ஓர் அருங்காட்சியகம்: தார், கட்ச் பாலைநிலங்களிலிருந்து தாராவி வரை

பாந்திரா முனையத்திலிருந்து ஜோத்பூருக்குச் சூரியநகரி விரைவு வண்டி புறப்படுகிறது. புஜ் நகருக்குக் கட்ச் விரைவு வண்டி புறப்படுகிறது. ஒன்று தார்ப் பாலைவனத்தின் வாசலுக்கும் மற்றொன்று உப்புப் பாலையான கட்ச் ரண்ணின் வாசலுக்கும் செல்பவை. அந்த முனையத்திலிருந்து மித்தி ஆற்றைக் கடந்தால் தாராவி. அங்குள்ள கும்பார்வாடாவில் சக்கரம் சுழற்றும் குயவர்களின் முன்னோர் சௌராஷ்டிரத்திலிருந்து வந்தவர்கள். தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களில் பெரும்பகுதியினர் திருநெல்வேலிச் சீமையினர். வறண்ட நிலங்களிலிருந்து வந்த மக்கள் ஒரு சதுப்பு நிலத்தை ஊராக்கிய வரலாறே தாராவியின் வரலாறு. அந்த வரலாற்றுக்கு இன்றுவரை நிலையான ஓர் அருங்காட்சியகம் இல்லை. பாலைநிலத்து அருங்காட்சியகங்களைச் சுற்றிவரும் ஒருவருக்குத் தாராவி நினைவுக்கு வருமானால், அதற்குக் காரணம் இதுதான்.

தமிழ்த் திணைக் கோட்பாட்டில் பாலை தனி நிலம் அன்று. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு திரிந்து அடையும் நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். தார்ப் பகுதியும் இதற்குச் சான்றாக நிற்கிறது. ஜெய்சல்மேருக்கு அருகிலுள்ள ஆகல் புதைபடிவப் பூங்காவில் கல்லாகிப் போன அடிமரங்கள் மணலின் நடுவே கிடக்கின்றன. அவை ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே நின்ற காட்டின் எச்சங்கள். பாலை என்பது இழப்பின் பெயரானால், பாலைநிலத்து அருங்காட்சியகம் ஒவ்வொன்றையும் ஒரே கேள்வியுடன் அணுகலாம்: இழந்தவற்றுள் எதை, யாருடையதை அது காத்து வைத்திருக்கிறது?

1. கோட்டையும் கருவூலமும்

ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டைக்கு 1459இல் ராவ் ஜோதா அடித்தளமிட்டார். 1972இல் முன்னாள் அரச குடும்பத்தின் கஜ் சிங் ஓர் அறக்கட்டளை நிறுவ, கோட்டை அருங்காட்சியகமாயிற்று. பல்லக்குகள், யானை அம்பாரிகள், வாள்கள், மார்வார் பாணி நுண்ணோவியங்கள் ஆகியவற்றின் தொகுப்பு இந்தியாவின் சிறந்த அரண்மனைத் தொகுப்புகளில் ஒன்று. சுற்றுலா நூல்கள் இவற்றை விரிவாகவே சொல்லும். ஆய்வு மாணவர் நின்று பார்க்க வேண்டியவை வேறு இரண்டு.

முதலாவது, லோஹா போல் என்னும் இரும்பு வாயிலின் சுவரில் பதிந்த சிறிய கைத்தடங்கள். கணவனின் சிதையில் ஏறிய அரசகுலப் பெண்களின் நினைவு அடையாளங்கள் அவை. இரண்டாவது, ராஜாராம் மேக்வாலின் நினைவுக்கல். கோட்டை நிலைபெற வேண்டி அதன் அடித்தளத்தில் உயிரோடு புதைக்கப்பட்டவர் அவர் என்று மரபு சொல்கிறது. அதற்கு ஈடாக அவருடைய குடும்பத்துக்கு நிலம் வழங்கப்பட்டதாகவும் அம்மரபே கூறுகிறது. மேக்வால்கள் தோல் வேலையும் நெசவும் செய்துவந்த, தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட சமூகத்தினர். தோல் தொழிலின் பெயராலேயே ஒதுக்கப்பட்ட மக்கள் குடியேறிய தாராவியிலிருந்து செல்பவருக்கு அந்தக் கல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை. கோட்டை முழுவதும் அரசர்களின் பெயர்கள் நிறைந்திருக்க, உழைக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவரின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பது அவர் உயிரைக் கொடுத்த இடத்தில்தான்.

புஜ் நகரிலுள்ள கட்ச் அருங்காட்சியகம் 1877இல் தோன்றியது. குஜராத்தில் மிகப் பழையது. பம்பாய் ஆளுநர் பெர்குசனின் பெயரால் அது முன்பு அழைக்கப்பட்டது என்பது கட்ச் அரசுக்கும் பம்பாய் மாகாணத்துக்கும் இருந்த உறவைக் காட்டும். அங்குள்ள க்ஷத்ரபர் காலக் கல்வெட்டுகள் கல்வெட்டியல் பயிலும் எவரும் தவறவிடக் கூடாதவை. கட்ச் அரசு தன் பெயரில் அச்சடித்த கோரி நாணயங்களும் அங்கே உள்ளன. பிகானேரில் 1937இல் நிறுவப்பட்ட கங்கா அருங்காட்சியகமும் அரச ஆதரவில் பிறந்ததே. ஆயினும் அதன் சிறந்த பகுதி அரசருடையது அன்று. அது சுடுமண்ணால் ஆனது.

2. மண்ணுக்குள் இருந்தவை

அந்தச் சுடுமண் சிற்பங்களின் பின்னே இத்தாலியர் ஒருவரின் குறுகிய வாழ்க்கை இருக்கிறது. லூயிஜி பியோ டெசிட்டோரி 1887இல் உதினே நகரில் பிறந்தவர். ராஜபுதனத்துச் சாரணர்களின் வாய்மொழிப் பாடல்களையும் ஏடுகளையும் தொகுக்க 1914இல் இந்தியா வந்தார். வறண்டுபோன கக்கர் ஆற்றுப்படுகையில் அலைந்து ரங் மஹல் முதலிய மேடுகளிலிருந்து சுடுமண் சிற்பங்களைச் சேகரித்தார். காளிபங்கன் மேட்டையும் கவனித்துக் குறித்தார். 1919 நவம்பரில், 32 வயது நிறையும் முன்பே பிகானேரில் இறந்தார். சிந்துவெளி நாகரிகம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1924இல். தாம் கண்டது எதன் சுவடு என்பதை அவர் அறியவே இல்லை.

காளிபங்கனில் 1960களில் பி.பி. லாலும் பி.கே. தாபரும் அகழாய்வு நடத்தினர். ஹரப்பா நகரத்துக்கு முற்பட்ட உழுநிலம் ஒன்று அங்கே வெளிப்பட்டது. குறுக்கும் நெடுக்குமாக இருவேறு இடைவெளிகளில் உழுத சால்கள் மண்ணில் அப்படியே பதிந்திருந்தன. அதே முறையில் ஒரே வயலில் இருபயிர் விதைக்கும் வழக்கம் அந்த வட்டாரத்து உழவரிடம் தொடர்வதை அகழாய்வாளர்களே சுட்டிக்காட்டினர். அகழ்ந்தவர் கண்டதை உழுபவர் விளக்க முடிந்தது என்பதே இச்செய்தியின் உயிர். 1983இல் அமைந்த தள அருங்காட்சியகம் அளவில் சிறியது. முத்திரைகள், வளையல்கள், பானைகள், எடைக்கற்கள் எனச் சில அறைகளில் அடங்குவது. உழுசால் மறுபடி மண்ணால் மூடப்பட்டுவிட்டது. எனினும் அந்த இடத்தில் நிற்பதற்கு ஈடாக எந்தத் தலைநகரின் கண்ணாடிப் பேழையும் இல்லை.

கட்ச் ரண்ணின் நடுவே காதிர் திட்டிலுள்ள தோலாவிரா 2021இல் உலக மரபுச் சின்னமாயிற்று. ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையிலான அகழாய்வு அங்கே வெளிக்கொணர்ந்தவற்றுள் பத்துக் குறியீடுகள் கொண்ட பெரும் பலகை புகழ்பெற்றது. அதனினும் பெரிய சாதனை நீர்த்தேக்கங்கள். மழை அரிதான இடத்தில் இரண்டு ஓடைகளின் பருவகால நீரைத் தடுத்து, கல்லில் வெட்டிய தேக்கங்களில் சேர்த்து ஒரு நகரம் வாழ்ந்தது. குடிநீர்க் குழாய் எப்போது வரும் என்று காத்திருந்து, குடங்களை வரிசையில் வைக்கும் பகுதிகளில் வளர்ந்தவருக்கு அந்தத் தேக்கங்கள் பழங்கதையாகத் தோன்றா.

3. அரணா ஜர்ணா: துடைப்பங்களின் வீடு

பயணத்தில் ஒரே ஓர் அருங்காட்சியகத்துக்குத்தான் நேரம் உண்டு என்றால், அது ஜோத்பூருக்கு வெளியே மோக்லாவாஸ் சிற்றூரில் உள்ள அரணா ஜர்ணாவாக இருக்கலாம். கைவிடப்பட்ட மணற்கல் சுரங்கம் ஒன்றைச் சுற்றி, மண்ணும் கல்லும் கூரைப்புல்லும் கொண்டு எழுந்த எளிய கட்டடங்கள். சுரங்கக் குழியில் மழைநீர் தேங்கும். சுற்றிலும் பாலைக்குரிய மரஞ்செடிகள். பெயரின் பொருள் காடும் அருவியும்.

இதை எண்ணி உருவாக்கியவர் கோமல் கோத்தாரி (1929–2004). எழுத்தாளர் விஜய்தான் தேத்தாவுடன் சேர்ந்து 1960இல் போருந்தா என்னும் ஊரில் ரூபாயன் சன்ஸ்தான் என்ற நாட்டுப்புறவியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். லங்கா, மாங்கணியார் இசைக்குடிகளின் பாடல்களை ஊர் ஊராகச் சென்று ஒலிப்பதிவு செய்தவர். ராஜஸ்தானைச் சமஸ்தான எல்லைகளால் பிரித்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, மக்கள் எதை உண்கிறார்கள் என்பதால் பிரித்துப் பார்க்கலாம் என்றார் அவர். கம்பு விளையும் பாலை, சோளம் விளையும் பகுதி, மக்காச்சோளம் விளையும் மலைச்சாரல் என மூன்று வட்டாரங்கள். தானியம் மாறினால் சமைக்கும் கலம் மாறும், அடுப்பு மாறும், பாட்டும் தெய்வமும்கூட மாறும் என்பது அவரது அணுகுமுறை. அரசர் பட்டியலால் எழுதப்பட்ட வரலாற்றுக்கு அடுப்படியிலிருந்து எழுந்த மறுப்பு அது.

அந்த அருங்காட்சியகத்தின் முதல் பெரும் காட்சிக்கு அவர் தேர்ந்த பொருள் துடைப்பம். ராஜஸ்தானின் பல பகுதிகளிலிருந்து 150க்கும் மேற்பட்ட துடைப்பங்கள் திரட்டப்பட்டன. ஏன் துடைப்பம்? எல்லா வீட்டிலும் இருப்பது. எவரும் காட்சிக்குரியதாக எண்ணாதது. எந்தப் புல்லில் செய்யப்பட்டது என்று கேட்டால் மண்ணும் மழையும் விடையில் வரும். யார் கட்டியது என்று கேட்டால் ஒரு சாதியின் வாழ்வும் கூலியும் வரும். எங்கே வைக்கிறார்கள் என்று கேட்டால் நம்பிக்கை வரும். வீட்டுக்குள் பெருக்கும் மென்மையான துடைப்பம் லட்சுமிக்குரியது. வந்தவர் கண்ணில் படாமல் மறைத்து வைக்கப்படும். முற்றத்தையும் தெருவையும் பெருக்கும் முரட்டுத் துடைப்பத்துக்கு அந்த மதிப்பு இல்லை. அதைப் பிடிக்கும் கைக்கும் இல்லை.

இந்தப் பிரிவினை தமிழ் வீடுகளுக்கு அந்நியமானதன்று. நெல்லைப் பக்கத்தார் வாரியல் என்பர். உள்வீட்டுக்குப் பூந்துடைப்பம், வாசலுக்கு ஈர்க்குமாறு. விளக்கு வைத்த பிறகு வீடு கூட்டினால் லட்சுமி போய்விடுவாள் என்ற நம்பிக்கையும் ஒன்றே. மோக்லாவாஸின் துடைப்ப அறையில் நிற்கும் தமிழ் மாணவர் ராஜஸ்தானை மட்டும் பார்ப்பதில்லை. சாதியும் தூய்மையும் தெய்வமும் ஒரு பிடி புல்லுக்குள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதைப் பார்க்கிறார். மெஹ்ரான்கரின் வாள் ஓர் அரசனைப் பற்றிப் பேசும். இந்தத் துடைப்பம் ஒரு சமூக அமைப்பையே பேசிவிடுகிறது.

ஜெய்சல்மேரில் நந்த கிஷோர் சர்மா என்ற பள்ளி ஆசிரியர் தாமே திரட்டிய நாட்டுப்புறப் பொருள்களைக் கொண்டு அமைத்த பாலைநிலப் பண்பாட்டு அருங்காட்சியகமும் இந்த வரிசையில் சேரும். தொகுக்க அரச கருவூலம் வேண்டியதில்லை, ஓர் ஆசிரியரின் விடாமுயற்சி போதும் என்பதற்கு அது சான்று.

4. ஊசியும் நிலநடுக்கமும்

கட்ச் பகுதியில் கடும் வறட்சி நிலவிய 1969இல் மும்பையிலிருந்து நிவாரணப் பணிக்குச் சென்றவர்களுள் சந்தா ஷ்ராஃப் ஒருவர். தனேத்தி சிற்றூரில் அவர் கண்டது பசியை மட்டுமன்று. இனாமாக உணவு பெறத் தயங்கிய பெண்கள் உடுத்தியிருந்த ஆடைகளின் பூத்தையலையும் கண்டார். அத்தையலுக்குக் கூலி கொடுத்து வாங்கத் தொடங்கிய முயற்சி ஸ்ருஜன் என்ற அமைப்பாக வளர்ந்தது. 2016இல் புஜ் அருகே அஜ்ரக்பூரில் அவ்வமைப்பு திறந்த கைவினை அருங்காட்சியகம் ஆஹிர், ரபாரி, மேக்வாட், ஜத், முத்வா எனச் சமூகந்தோறும் வேறுபடும் தையல் மரபுகளைப் பகுத்துக் காட்டுகிறது. ஒரு தையலை எந்தச் சமூகம் இடுகிறது, ஊசி எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறது, எந்த வயதில் கற்கிறார்கள் என்பவையெல்லாம் அங்கே ஆவணமாகின்றன. செய்பவரே வந்து பார்த்துக் கற்கும் இடமாகவும் அது திட்டமிடப்பட்டது.

அஜ்ரக்பூர் என்ற ஊரே ஒரு பாடம். 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்துக்குப் பின் தமட்கா ஊரின் நீர் துணிச்சாயத்துக்குப் பொருந்தாமற்போனது. அச்சுத்தொழில் செய்யும் கத்ரி குடும்பங்கள் பல புதிய இடம் தேடி அமைத்த குடியிருப்பு அது. தொழிலுக்கு எத்தகைய நீர் வேண்டும், துணி காய எவ்வளவு வெளி வேண்டும் என்பதைத் தொழில் செய்வோரே தீர்மானித்து ஊர் அமைத்தனர். அதே நிலநடுக்கத்தின் நினைவாகப் புஜியா குன்றில் 2022இல் திறக்கப்பட்ட ஸ்மிருதிவனத்தில் இறந்தோரின் பெயர்கள் பலகைகளில் பொறிக்கப்பட்டுள்ளன. மெஹ்ரான்கரில் ஒரே ஒரு மேக்வாலுக்குக் கிடைத்த கல் இங்கே எல்லோருக்கும் கிடைக்கிறது.

இந்த வழித்தடத்துக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலமே உகந்தது. தொல்லியல் துறையின் தள அருங்காட்சியகங்கள் பொதுவாக வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். தோலாவிராவுக்கும் காளிபங்கனுக்கும் நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருப்பதால் இதை நினைவிற் கொள்வது நலம்.

5. செம்மணல் தேரி

தார்ப் பாலைக்குச் செல்லும் தாராவித் தமிழர் பலருக்குத் தம் சொந்த ஊர்ப்பக்கத்திலேயே ஒரு மணற்பாலை உண்டு. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் கடலோரத்தில் சிவந்த மணல்மேடுகளாகக் கிடக்கும் தேரிகளே அவை. அங்கே கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி சாய்னரும் ஆல்சினும் 1956இல் வெளியிட்ட ஆய்வு தென்னிந்தியத் தொல்பழங்கால ஆய்வில் ஒரு மைல்கல். தேரிகளிலிருந்து சற்று உள்ளே, தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர். 1876இல் ஜாகோர் தோண்டியெடுத்தவை பெர்லினுக்குப் போயின. அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. தாழிகளை வனைந்த மண்ணில் அவற்றைப் பார்க்க ஊர்மக்கள் நெடுங்காலம் காத்திருந்தனர். 2023 ஆகஸ்டில் அகழ்வுக் குழிகளின் மேல் கண்ணாடி பதித்துத் தளத்திலேயே காட்சி திறக்கப்பட்டது. பொருள் ஊரை விட்டுப் போக ஒரு பருவ அகழாய்வு போதும்; ஊரிலேயே அதைக் காண்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

6. தாராவி எதைக் காக்கும்?

மும்பைக்கு அருங்காட்சியகப் பஞ்சம் இல்லை. பைகுல்லாவில் 1872இல் திறக்கப்பட்ட, இன்று பாவ் தாஜி லாட் பெயர் தாங்கும் அருங்காட்சியகத்தில் நகரத்துச் சமூகங்களும் தொழில்களும் சிறு மண்பொம்மைகளாக நிற்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் பார்வையில் தொழிலாளி என்பவர் ஒரு வகைமாதிரி. தொழிலின் பெயர் உண்டு, தொழில் செய்தவரின் பெயர் இல்லை.

2016 பிப்ரவரியில் இதற்கு மறுதலையான சிறு முயற்சி தாராவிக்குள் நடந்தது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்த ஹோர்ஹே மான்யெஸ் ரூபியோ, அமாண்டா பினாத்தி ஆகிய இருவரும் உள்ளூர்க் கைவினைஞருடன் சேர்ந்து, சக்கரம் பொருத்திய வண்டியில் ஒரு வடிவமைப்பு அருங்காட்சியகத்தைத் தெருக்களில் நகர்த்தினர். தாராவியில் செய்த பொருள்கள் தாராவியிலேயே காட்சிக்கு வந்தன. முயற்சி சில மாத அளவினது, வண்டி நின்றது. தொகுப்பு என்று ஊரில் நிலைக்க ஒன்றும் உருவாகவில்லை.

இன்று இக்கேள்வி அவசரமாகியிருக்கிறது. ஏறத்தாழ 240 ஹெக்டேர் பரப்பை முழுமையாக மாற்றியமைக்கும் மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது; வீடு வீடாகக் கணக்கெடுப்பும் நடந்திருக்கிறது. யாருக்கு எங்கே வீடு, எத்தனை சதுர அடி என்ற வாதங்களே இயல்பாக முன்னிற்கின்றன. மழையில் ஒழுகும் கூரைக்கும் பொதுக்கழிப்பறை வரிசைக்கும் பதிலாக நல்ல வீடு கேட்பவரிடம் மரபுப் பெருமை பேசுவது அறமாகாது. ஆனால் வீட்டைக் கணக்கிடும் அளவுகோல் தொழிலறிவைக் கணக்கிடாது.

கும்பார்வாடாவைப் பார்த்தால் இது தெளிவாகும். பலமுறை இடம்பெயர்க்கப்பட்டு 1930களில் அங்கே குடியமர்த்தப்பட்ட குயவர்கள், வீட்டையும் பட்டறையையும் சூளையையும் ஒன்றோடொன்று ஒட்டி அமைத்தனர். வீட்டு வாசலில் வனைந்து, முற்றத்தில் காயவைத்து, பொதுச்சூளையில் பஞ்சுக்கழிவு எரித்துச் சுடுகின்றனர். தீபாவளிக்கு முன் அகல்விளக்குகள் அங்கிருந்து நகரெங்கும் போகின்றன. சக்கரத்தை அடுக்குமாடிக்குத் தூக்கிச் செல்லலாம், சூளையை முடியாது. அஜ்ரக்பூரின் கத்ரிகள் நீரைச் சோதித்துப் புதிய ஊரைத் தேர்ந்தனர். கும்பார்வாடாவுக்கு அந்தத் தேர்வு கிடைக்குமா என்பது தெரிய வேண்டும். தோல் தொழிலின் நிலை இன்னும் முந்தைய எச்சரிக்கை. இறைச்சிக்கூடம் பாந்திராவிலிருந்து தேவனாருக்கு மாறிய பின் பதனிடும் தொட்டிகள் மெல்ல மறைந்தன. தைக்கும் தொழில் தங்கியது. சுண்ணாம்பு நீரில் ஊறும் தோலைத் தொட்டே பதம் சொன்ன நெல்லைச் சீமைத் தொழிலாளரின் சொற்களும் கைப்பக்குவமும், அவற்றுக்கு அவர்கள் கொடுத்த உடல்நல விலையும் எங்கும் முறையாகப் பதிவாகவில்லை. அத்தலைமுறையினரில் எஞ்சியவர்கள் இன்று முதியவர்கள்.

பாலைநிலத்து அருங்காட்சியகங்கள் இதற்கு மூன்று பாடங்களை வைத்திருக்கின்றன. பொருள் விலையுயர்ந்ததாக இருக்கத் தேவையில்லை என்பது மோக்லாவாஸின் பாடம். செய்பவரே பயன்படுத்த வேண்டும், அவர் சமூகமும் திறனும் பெயரோடு பதிவாக வேண்டும் என்பது அஜ்ரக்பூரின் பாடம். பொருள் ஊரைவிட்டுப் போகும் முன் தொகுப்பு தொடங்க வேண்டும் என்பது ஆதிச்சநல்லூரின் பாடம். இதற்குக் கட்டடம்கூட உடனே வேண்டியதில்லை. கோத்தாரி கட்டடம் எழுப்பியது வாழ்நாளின் கடைசிப் பகுதியில்; அதற்கு முன் நாற்பது ஆண்டுகள் அவர் ஒலிப்பதிவுக் கருவியுடன் மக்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் கல்லூரிகளில் பயிலும் மாணவர்களிடம் இன்று கைப்பேசி இருக்கிறது. சூளை எரிப்பவரின் மொழியான குஜராத்தியும் தோல் பதனிட்டவரின் மொழியான தமிழும் அவர்களுள் பலருக்கு வீட்டு மொழிகள். கேட்க வேண்டியவர்கள் ஒரு தெரு தொலைவில் இருக்கிறார்கள்.

காளிபங்கனில் உழுசாலை விளக்கப் பக்கத்து வயலில் ஓர் உழவர் இருந்தார். கும்பார்வாடாவின் சூளைச் சாம்பலை நாளை ஒருவர் அகழ்ந்தெடுத்தால், அதை விளக்கப் பக்கத்தில் யார் இருப்பார்?